உரிமம் அவள் பெயரில்

யோசிக்கக்கூட இல்லையே இந்த மனுஷர். பொய் சொல்கிறவனுக்குக்கூட எச்சில் விழுங்க ஒரு நொடி வேண்டியிருக்கும். இவருக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லையே. கொட்டாவி விடுகிற மாதிரி வந்துவிட்டதே அந்த வார்த்தை.

காரின் முன் இருக்கையில், பாதி திறந்த கதவின் மேல் கையை வைத்தபடி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மடியில் பச்சைக் கோப்பு. துப்பாக்கி உரிமம், அது பக்கத்து மாநிலத்திலும் செல்லும் என்ற முத்திரை, போட்டிக்கு அழைத்த கடிதம் என்று கேட்கிற வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தாள். கேட்கத்தான் ஆளில்லை.

எல்லைச் சாவடி அதிகாரி ஜன்னலில் குனிந்தபோது அவர் கண் நேராக ஓட்டுகிறவரிடம் போனது.

"டிக்கியில என்ன?"

"சாமான்தான் சார். அப்புறம் ஒரு ரைபிள். ஸ்போர்ட்ஸ்."

"யாரோடது?"

"என்னோடது சார்" என்றான் அவள் கணவன்.

அவ்வளவுதான். அதிகாரி தலையை ஆட்டி, விவரச் சீட்டை எழுதித் தரச் சொல்லி, மர நிழலில் போட்டிருந்த மேஜையைக் காட்டினார். கணவன் இறங்கிப் போனான். அவளும் கோப்போடு பின்னாலேயே போனாள்.

"நான் எழுதறேங்க. உரிமம் என் பேர்லதானே."

"நீ போய் உக்காரு. வெயில்ல நிக்காத. ரெண்டு நிமிஷ வேலை."

இவ்வளவு பேர் பார்க்கும்போது அவன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கவா முடியும்? திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உள்ளே எரிய ஆரம்பித்தது.

இத்தனைக்கும் அவளை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தவனும் அவன் இல்லை. விடமாட்டேன் என்று மல்லுக்கட்டியவன். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பார்வை அளந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரைபிள் கிளப்புக்குப் போகிற ஒரு பெண், வெளிமாநிலப் போட்டிக்குத் தேர்வானது அந்த வீட்டில் ஒரு நோய் வந்த மாதிரிதான் பேசப்பட்டது. பிறகு அவன் அக்காவுக்கு போட்டி நடக்கிற அதே ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவுக்கு முட்டி வலி; ரயில் ஆகாது. உடனே எல்லாம் சுலபமாகிவிட்டது. "அக்காவக் கொண்டுபோய் விடணும். அப்படியே நீயும் வந்து சுட்டுட்டு வா" என்றான்.

ஆக, இது நாத்தனாரின் பயணம். போட்டி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

துப்பாக்கியோடு மாநில எல்லையைத் தாண்டுவதில் ஒரு மர்மமும் இல்லை. தோட்டா போடாத துப்பாக்கி, அது இல்லாமல் சுட முடியாத போல்ட்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு டப்பாவில், வேறு பூட்டில். இரண்டும் டிக்கியில். சாவி உரிமம் உள்ளவரிடம். உரிமம் உள்ளவர் அதே காரில், துப்பாக்கியை விட்டு விலகாமல். எல்லையில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். அங்கே அவளுக்கு 'நிதானம்' என்று பெயர். "நிதானத்தக் கேளுங்க" என்பார் கோச்.

காலையில் அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பூட்டியபோது கணவன் சிரித்தான். "கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போனாக்கூட இவ்வளவு அலம்பல் இருக்காது."

வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது அவள் இறங்கவில்லை.

"பாத்ரூம்கூடப் போகலையா?" என்றாள் நாத்தனார்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா."

இருவரும் போனார்கள், வந்தார்கள். அவளுக்கு ஒரு டீ வாங்கி வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வயிற்றின் அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லையைத் தாண்டியதும் போட்டித் திடல், திடலில் ஆயுத அறை, அங்கே ஒப்படைத்த பிறகு எல்லாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். திடலில் ஆயுதப் பரிசோதனை இன்று மாலையோடு முடிந்துவிடும். நாளைக் காலை போட்டி.

"டிக்கியத் திறங்க" என்ற குரல் கேட்டது.

டிக்கி நாத்தனாருடையது. மகளுக்கென்று கட்டி வைத்த தையல் மெஷின், தலையணைகள், மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை, ஏன் என்று யாருக்கும் தெரியாத ஒரு பிளாஸ்டிக் வாளி.

"என்ன சார், வீடு மாத்தறீங்களா?" என்றார் உடன் இருந்த காவலர்.

"வாளி அங்கயும்தான் விக்குது. சொன்னா கேட்டாத்தானே" என்று கணவன் அக்காவைப் பார்த்தான்.

"அந்த ஊரு வாளி ஒரு மாசம் வராது" என்றாள் நாத்தனார், காருக்குள்ளிருந்தே.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகு அடியில் கறுப்புப் பெட்டி தெரிந்தது.

"திறங்க சார்."

கணவன் சட்டைப்பையைத் தொட்டான். பிறகு பேன்ட் பை. பிறகு மறுபடியும் சட்டைப்பை. அதிகாரி காத்திருந்தார்.

"சாவி... இங்கதான்..."

"என்ன ரகம் சார் துப்பாக்கி?"

"ரைபிள்."

"அது எழுதியிருக்கீங்களே. என்ன ரகம்?"

"சின்ன ரகம்."

காவலர் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அவள் இறங்கி வந்து, கழுத்தில் கயிற்றில் கோத்துப் போட்டிருந்த சாவியை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்தாள். யாரையும் இடிக்காமல் குனிந்து பெட்டியைத் திறந்தாள்.

"பாயின்ட் டூ டூ சார். போல்ட் இந்தத் துணியில தனியா இருக்கு. தோட்டா அந்தச் சிவப்பு டப்பாவுல, வேற பூட்டு. இதுதான் உரிமம்."

அப்போதுதான் அதிகாரி அவளைப் பார்த்தார். உரிமத்தைப் பார்த்தார். அதில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். ஆயுதத்தின் உரிமையாளர் என்ற இடத்தில் கணவனின் பெயர், அழகான சாய்வெழுத்தில். கீழே கையெழுத்து.

"இது யாரு சார்?"

"என் ஒய்ஃப்."

"அப்ப துப்பாக்கி?"

"எல்லாம் ஒண்ணுதான சார். வீட்டுல இருக்கறது எல்லாம் நம்மளோடதுதானே."

"வீடு, காரு, வாளி எல்லாம் சரி சார். துப்பாக்கிக்கு அந்தக் கணக்கு இல்ல." அதிகாரி சீட்டை மடித்தார். "உள்ள வாங்க. ரெண்டு பேரும்."

*

அதிகாரியின் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுற்றும்போதெல்லாம் டக் டக் என்று எதையோ இடிக்கிற ஒரு மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே எடைமேடையில் ஏறக் காத்திருந்த லாரிகள். பெட்டியை மேஜை மேல் திறந்தபடியே வைத்தார்கள். ரப்பர் ஸ்டாம்புகளுக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் நடுவே அவளுடைய ரைபிள் படுத்திருந்தது. தோட்டா இல்லை என்று காட்டுவதற்காக அவள் செருகியிருந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத்தான் பொய்யை எடுப்பான். கணவன் எதையும் தள்ளவில்லை. ஒரு அதிகாரி கேட்டார், ஒரு ஆண் பதில் சொன்னான். அந்த நேரத்தில் அவன் மனசில் அவள் மறைக்கப்பட்டவளாகக்கூட இல்லை. இல்லவே இல்லை.

இதே பெட்டி வீட்டு நடைவழியில் கிடந்தால், "உன் இழவுப் பெட்டிய எடுத்து ஓரமா வை, கால்ல இடிக்குது" என்பான். கிளப் சந்தா கட்டுகிற அன்று, "உனக்கு இருக்கிற செலவு போதாதா?" என்பான். பதக்கம் வந்தால் மட்டும் விருந்தாளிகளுக்கு அலமாரியைத் திறந்து அவனே காட்டுவான்.

"பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்றார் அதிகாரி, கோப்பைப் புரட்டியபடி. "இவ்வளவு ஒழுங்கா யாரும் கொண்டு வர்றதில்ல. அம்மா வந்து ரெண்டு வரி சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க பத்து மைல் தாண்டியிருப்பீங்க. துப்பாக்கியில கோளாறு இல்ல. கோளாறு உங்க வாயில."

"அந்தச் சீட்டக் கிழிச்சுடுங்க சார். வேற எழுதித் தர்றேன்."

"நம்பர் போட்ட சீட்டு. அதக் கிழிச்சா நான் வீட்டுக்குப் போகணும்." அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"இன்ஷூரன்ஸ். கிளெய்ம் செக்‌ஷன்."

"அட! அப்ப நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

அவளுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. லாரி ஓட்டி இறந்துபோன ஒருவரின் மனைவி, அலுவலகத்தில் அலைந்து அலுத்து, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டவள். பாலிசி விண்ணப்பத்தில், புகை பிடிப்பீர்களா என்ற கேள்விக்கு அந்த டிரைவர் இல்லை என்று எழுதியிருந்தார்; அது பொய் என்று பணத்தை மறுத்துவிட்டார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஏஜென்ட்தான் நிரப்பினார் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எழுதினது எழுதினதுதாம்மா. நான் என்ன பண்ண முடியும்?" என்று கணவன் அன்று சொன்னான். அவள் போன பிறகு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான். கொடூரம் எல்லாம் ஒன்றுமில்லை. விதி அப்படி. அவன் விதிப்படி நடக்கிறவன்.

அதிகாரி விரலை மடக்கினார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தப்பா எழுதிட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கறது. ஆயுதம் சம்பந்தமா தப்பு விவரம்னு ஒரு கேஸ் ஆகும். ஜெயிலு கியிலெல்லாம் இல்ல, அபராதத்தோட போயிடும். ஆனா வேலை பாக்கற இடத்துக்கு ஒரு காப்பி போகும். துப்பாக்கிய இப்பவே அம்மா கையில குடுத்து அனுப்பிடுவேன்."

"ஆபீசுக்கா?" கணவனின் குரல் இறங்கியது. "சார், எனக்கு மேனேஜர் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ முடிஞ்சிருக்கு. ஆர்டர் வர்ற நேரம்."

"அதான் ரெண்டாவதும் சொல்றேன். துப்பாக்கிய உங்க பொறுப்புல விட்டேன்னு அம்மா எழுதிக் குடுத்துட்டா, நீங்க எழுதினது முழுப் பொய்யா ஆகாது. ஏதோ விவரம் தெரியாம எழுதினீங்க. உங்க மேல ஒண்ணும் வராது."

கணவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

அடுத்த கேள்வியை அவன் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். விசிறி டக் டக் என்று சுற்றியது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். மடித்தான். பைக்குள் வைத்தான்.

கேட்கவில்லை.

"அப்ப எனக்கு?" என்றாள் அவள்.

அதிகாரி அவளைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தார். "உரிமம் இல்லாத ஆள் கையில துப்பாக்கிய விட்டீங்கன்னு ஆகும். உரிமத்த நிறுத்தி வெச்சு விசாரிப்பாங்க. துப்பாக்கி அதுவரைக்கும் எங்க கஸ்டடி."

"எப்பத் திரும்பக் கிடைக்கும்?"

"அது மேலிடம் முடிவு பண்ணணும்மா. குடுத்தா உண்டு."

"நான் விடலையே சார். சாவி என் கழுத்துல இருந்தது. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்மா. நான் எதுவும் சொல்லல. புருஷன் பெண்டாட்டி, பேசி முடிவு பண்ணிக்குங்க." அவர் எழுந்தார். முதல் வழியில் போனால் தலைமையகத்துக்கு அறிக்கை, சாட்சி, நேரில் ஆஜர் என்று அவருக்கும் அலைச்சல். இரண்டாவது வழியில் ஒரு பக்கத் தாள். அவர் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"சார், ஒரு டீ சாப்பிடலாமா?" என்றான் கணவன்.

"சாப்பிடலாமே. நீங்களும் வெளிய வந்து காத்தாட நில்லுங்கம்மா."

"துப்பாக்கிய விட்டு நான் நகரக்கூடாது சார்."

"நாங்க இருக்கோமேம்மா?"

"நீங்க எடுத்துக்கிட்டதா எழுதிக் குடுங்க. வர்றேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. காவலரைக் கதவருகே நிறுத்திவிட்டு இரண்டு ஆண்களும் வெளியே போனார்கள். நடைபாதையைத் தாண்டும்போதே கணவன் எதையோ சொல்ல, அதிகாரி சிரிப்பது கேட்டது. அரைமணி நேரத்துக்கு முன் முறைத்துக்கொண்டவர்கள்.

*

நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"காரு அடுப்பா கொதிக்குது. என்னதான் நடக்குது இங்க? துரை மூஞ்சியே சரியில்ல." தம்பியை அவள் துரை என்றுதான் கூப்பிடுவாள். சின்ன வயதில் அவன் கேட்டதெல்லாம் கிடைத்ததால் வீடு வைத்த பெயர்.

அவள் சுருக்கமாகச் சொன்னாள்.

"இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்." நாத்தனார் நாற்காலியில் அமர்ந்தாள். துப்பாக்கியின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு கையெழுத்துத்தானேம்மா? போட்டுக் குடுத்துட்டு வா, போகலாம். அங்க பேத்தி வாசல்லயே நிக்கும்."

"போட்டா என் உரிமம் போயிடும்கா."

"போனாப் போகட்டும். அது சோறா போடுது? அவனுக்கு மேனேஜர் வேலை கையில வந்து நிக்கற நேரம். உனக்கு டுமீல் டுமீல்னு சுட்டு ஆகப்போறது என்ன? எல்லைக்குப் போயி நிக்கப்போறியா?"

"எல்லையிலதான்கா நிக்கறேன்" என்றாள் அவள்.

கதவருகே காவலர் இருமினார்.

"கிண்டலுக்குக் குறைச்சல் இல்ல." நாத்தனாரின் குரல் சற்று இளகியது. "இங்க பாரு. நானும் வேலைக்குப் போனவதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. என் குரலக் கேட்டா, லைன் கிடைக்கலன்னாக்கூட கோச்சுக்க மாட்டாங்க. அப்படி ஒரு பேரு. ஒருநாள் எங்க வீட்டுக்காரரு ஒரு பேப்பர நீட்டினாரு. உடம்பு முடியல, வேலைய விட்டுடறேன்னு எழுதியிருந்துச்சு. எனக்கு உடம்புக்கு ஒரு கேடும் இல்ல, கல்லு மாதிரி இருந்தேன். அவங்க அம்மாவப் பாத்துக்க ஆள் வேணும். அதான். நான் என்ன ஏதுன்னு ஒரு கேள்வி கேக்கல. போட்டேன். குடி முழுகிப் போச்சா?"

அவள் நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள்.

நாத்தனார் கண்ணை விலக்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பின் ஓரத்தை நீவி நீவி மடித்தாள். லைன் கேட்டுக் காத்திருந்த அத்தனை பேரின் குரலும் அந்த மடிப்புக்குள் எங்கோ இருந்தது போல.

"என்ன பாக்கற?" என்று திடீரென்று சீறினாள். "நான் போட்டேன்ல? எங்க அம்மா போட்டாங்க, நான் போட்டேன். உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவளுக்குப் புரிந்தது. நாத்தனார் கேட்பது தம்பிக்காக இல்லை. இவளும் போட்டுவிட்டால் அது எல்லாப் பெண்களும் போடுகிற கையெழுத்து. மழை வெயில் மாதிரி. போடாவிட்டால், அன்றைக்குப் போடாமலும் இருந்திருக்கலாம் என்றாகிவிடும். இத்தனை வருஷம் கழித்து, முட்டி தேய்ந்த பிறகு, அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வாள் பாவம். பாவம் என்று நினைத்தபோதே கோபமும் வந்தது. என் பாவத்தை நீ கழுவு என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் நீட்டிக்கொண்டே வந்தால், இது எங்கே போய் நிற்கும்?

"உங்களச் சொல்லலக்கா."

"நீ சொல்லலன்னாலும் உன் மூஞ்சி சொல்லுது. இப்படியெல்லாம் வந்து நிக்கும்னுதான் துரை போன மாசமே உங்க கோச்சுகிட்ட, உன் பேர எடுத்துடச் சொல்லி..."

நாத்தனார் சட்டென்று நிறுத்தினாள்.

"கோச்சுகிட்ட என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அக்கா. கோச்சுகிட்ட என்ன பேசினாரு?"

"முட்டி குடையுது. நான் கார்லயே போய் உக்கார்றேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வந்ததைவிட வேகமாகவே போனாள்.

*

கணவன் திரும்பி வந்தபோது ஒரு கையில் காகிதக் கோப்பையில் டீ, இன்னொரு கையில் ஒரு தாள். டீயை அவள் முன்னால் வைத்தான்.

"சக்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன்."

தாளையும் வைத்தான். அவனுடைய சாய்வெழுத்து. அதிகாரி பின்னால் வந்து, அலமாரியில் எதையோ தேடுகிறவர் போல முதுகைக் காட்டி நின்றார்.

அவள் படித்தாள். 'மேற்படி துப்பாக்கியை, பயணத்தின்போது பாதுகாக்கும்படி, நான் என் முழுச் சம்மதத்துடன் என் கணவரின் பொறுப்பில் ஒப்படைத்தேன்.' வாக்கியம் ஒழுங்காக இருந்தது. 'முழுச் சம்மதத்துடன்' என்பதை யார் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. கிளெய்ம் செக்‌ஷன்.

"கோச்சுகிட்ட போன மாசம் என்ன பேசினீங்க?"

கணவனின் கை மேஜை மேல் நின்றது. "யாரு சொன்னா?"

"பேசினீங்களா?"

"இப்ப அதுவா முக்கியம்? அத வீட்டுல போய்ப் பேசிக்கலாம். மொதல்ல இதப் போடு." பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். "சார் நல்ல மனுஷன். கஸ்டடியில பத்திரமா இருக்கும்னு சொல்லிட்டாரு. ஆறு மாசத்துல வாங்கிடலாம். நானே அலைஞ்சு வாங்கித் தர்றேன்."

"நாளைக்குப் போட்டி."

"போட்டி அடுத்த வருஷமும் வரும். எனக்கு இந்த ஆர்டர் அடுத்த வருஷம் வருமா? யோசிச்சுப் பாரு. வாய் தவறி ஒரு வார்த்தை. அதுக்கு என் இருபது வருஷ சர்வீஸ்ல கறுப்புப் புள்ளி வைக்கணுமா?"

"வாய் தவறினதா இருந்தா, நான் பின்னாலயே வந்து சொன்னேனே, அப்பத் திருத்தியிருக்கலாம்."

"அத்தனை பேர் முன்னாடி என் பெண்டாட்டியோடதுன்னு சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தன் காதிலேயே விழுந்த மாதிரி அவன் நிறுத்தினான். அலமாரியருகே காகிதங்கள் புரளும் சத்தமும் நின்றது.

அதுதான். தெரியாமல் வந்த வார்த்தை என்று அவள்கூட இவ்வளவு நேரம் அவனுக்கு ஒரு சலுகை கொடுத்து வைத்திருந்தாள். முதல் தடவை தெரியாமல் வந்திருக்கலாம். மேஜையில் குனிந்து பெயர் எழுதியபோது, அவள் பின்னால் நின்று சொன்ன பிறகு, அது தெரிந்தே எழுதியது. அவளுடைய துப்பாக்கியோடு எல்லையில் நிற்கும் கணவன் என்று அவனை நான்கு காவலர்கள் பார்ப்பதைவிட, சட்டத்தை மீறுவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கோபத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"கத்த வேணாம்னு பாக்கறேன்" என்றான் அவன் தணிந்த குரலில். "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை விட்டேனா இல்லையா? எத்தனை பேர் வீட்டுல விடுவாங்க? ஒரே ஒரு தடவை, எனக்காக."

"என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிச்சீங்களா?"

"நான்தானே எழுதினேன்."

"நான் உங்ககிட்ட ஒப்படைக்கலைங்க."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

வெளியே எடைமேடையில் ஒரு லாரி ஏறியது; ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. நாத்தனார் காரின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

அவள் அந்தத் தாளை எடுத்தாள். கிழிக்கவில்லை, கசக்கவில்லை. எழுத்து அவன் பக்கம் நேராகத் தெரியும்படி திருப்பி, மேஜை மேல் மெல்ல நகர்த்தினாள். பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி, மூடியைப் போட்டு, தாளின் மேல் வைத்தாள்.

"நான் போட மாட்டேங்க" என்றாள்.